இருபத்தைந்தாம் எண் வாசல்

கடிதத்தின் தலைப்பு வரியில் ஒரே ஒரு சொல்: வணக்கம். காரைக்குடியில் இருக்கும் என் அத்தை அதைக் கைப்பேசியில் தட்டி, கீழே நான்கைந்து வரி எழுதி, அனுப்பிவிட்டார். போய்ச் சேரவேண்டியது அவருடைய பள்ளித் தோழிக்கு. தோழியின் முகவரி ஜிமெயிலில் இருக்கிறது. அத்தையின் முகவரி எங்கள் குடும்பத்தின் சொந்த டொமைனில். அந்த டொமைனின் அஞ்சலை எடுத்துப் போவதும் வாங்கி வைப்பதும் மும்பைத் தரவு மையம் ஒன்றில் மாத வாடகைக்கு ஓடும் மெய்நிகர் கணினி. 2 ஜி.பி. நினைவகம், 40 ஜி.பி. வட்டு, அவ்வளவுதான். அதைப் பராமரிப்பவன் நான்.

எல்லாம் ஒழுங்காக இருந்தால் கடிதம் தோழியின் பெட்டிக்குப் போக இரண்டு மூன்று நொடி போதும். அந்த நொடிகளுக்குள் அது எத்தனை கை மாறுகிறது, எங்கெல்லாம் நிறுத்தி விசாரிக்கப்படுகிறது என்பதை அதன் கூடவே போய்ப் பார்ப்போம்.

முதல் மாற்றம் கைப்பேசிக்குள்ளேயே நடந்துவிடுகிறது. மின்னஞ்சல் நெறிமுறை பிறந்தபோது ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் சில குறிகளையும் மட்டுமே அதற்குச் சுமக்கத் தெரியும். தமிழ் அதில் ஏறவேண்டுமென்றால் அந்த எழுத்துகளாக மாறித்தான் ஏறவேண்டும். அதற்கு வழி வகுத்தவர்கள் நத்தானியேல் போரென்ஸ்டைன், நெட் ஃப்ரீட் இருவரும். 1992இல், மைம் என்ற பெயரில். 'வணக்கம்' யூனிகோடில் ஏழு குறிகள்: வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி. யு.டி.எஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட், ஆக 21 பைட். பேஸ்64 முறை மூன்று பைட்டை நான்கு எழுத்தாக்கும். எனவே கம்பியில் போகும் வணக்கத்தின் நீளம் 28 எழுத்து. கணக்கு இப்படி மூன்றுக்கு மூன்றாகப் பிசகாமல் விழுவதால், ஒவ்வொரு தமிழ்க் குறியும் 4 என்ற எண்ணிலும் கே என்ற ஆங்கில எழுத்திலும் தொடங்குகிறது. மூன்றாம் இடத்தில் 6 அல்லது கூட்டல் குறி. யூனிகோடில் தமிழுக்கென்று ஒதுக்கிய பகுதிக்கு மட்டுமே உரிய சாயல் இது. கடிதத்தின் மூல வடிவத்தைத் திறந்ததும் 4கே6, 4கே6 என்று வரிசை ஓடினால், ஒரு சொல்லையும் படிக்காமலே உள்ளே தமிழ் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். வேறு எந்த மொழிக்காரருக்கும் கண்ணில் படாத இந்த அடையாளத்தைக் காணும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

முகவரியையே தமிழில் எழுதவும் 2012 முதல் நெறிமுறையில் இடம் உண்டு. .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று முடியும் டொமைன்களும் இருக்கின்றன. ஆனால் வழியில் உள்ள ஒவ்வொரு சர்வரும் அதற்குச் சம்மதித்தால்தான் கடிதம் நகரும். எத்தனையோ பதிவுப் படிவங்கள் தமிழ் முகவரியைப் பிழை என்றே தள்ளிவிடுகின்றன. அத்தையின் முகவரி அதனால் இன்னும் ஆங்கில எழுத்தில்தான் இருக்கிறது.

கைப்பேசி இப்போது மும்பை இயந்திரத்தின் 587ஆம் எண் போர்ட்டைத் தட்டுகிறது. தன் சொந்தப் பயனர்களிடமிருந்து கடிதம் வாங்குவதற்கென்று 1998இல் தனியே பிரித்து வைத்த வாசல் அது. முதலில் இணைப்பு மறையாக்கம் ஆகிறது, பிறகுதான் கடவுச்சொல். அதைச் சரிபார்ப்பது டவ்காட் என்ற மென்பொருள். ஃபின்லாந்துக்காரரான டிமோ சிரைனன் 2002இல் வெளியிட்டது. இந்த வாசலுக்கு ஓய்வே கிடையாது. புதிய மெய்நிகர் கணினிக்கு ஐ.பி. முகவரி கிடைத்த கொஞ்ச நேரத்திலேயே, அட்மின், இன்ஃபோ, டெஸ்ட் என்று வழக்கமான பெயர்களைச் சொல்லிக் கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கும் நிரல்கள் உலகின் எங்கெங்கிருந்தோ வரத் தொடங்கிவிடும். திரும்பத் திரும்பத் தவறுகிறவர்களைக் கொஞ்ச காலம் வெளியே நிறுத்த ஃபெயில்2பேன் இருக்கிறது. ஆனாலும் வீட்டில் ஒருவர் பிறந்த தேதியைக் கடவுச்சொல்லாக வைத்துவிட்டால் போதும், அவர் பெயரில் ஓரிரவில் ஆயிரக்கணக்கான ஸ்பேம் கிளம்பிவிடும்; விடிவதற்குள் சர்வரின் ஐ.பி. கறுப்புப் பட்டியலில் ஏறியிருக்கும். மென்பொருளை நிறுவுவதைவிட வீட்டாருக்கு நல்ல கடவுச்சொல் வைத்துக் கொடுப்பதுதான் இந்த வேலையில் முக்கியம் என்பேன்.

கடவுச்சொல் சரி. கடிதம் உள்ளே வந்துவிட்டது. எதற்குள்ளே என்று கேட்டால் பதில் கொஞ்சம் நீளும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில், 545 டெக்னாலஜி ஸ்கொயர் என்ற கட்டடம். 1960களில் எம்.ஐ.டி.யின் கணினித் திட்டமும் ஐ.பி.எம். நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் அறிவியல் மையமும் அங்கே ஒரே கூரையின் கீழ் இருந்தன. ஐ.பி.எம். மையத்தில் ராபர்ட் கிரீசியின் குழு ஒரு கேள்வியோடு உட்கார்ந்திருந்தது: ஒரே பெரிய கணினியைப் பலருக்கும் பகிர்ந்து தரும்போது, ஒவ்வொருவருக்கும் ஒரு முழுக் கணினியே தனக்கென்று இருப்பதாக நம்பவைக்க முடியுமா? முடிந்தது. 1967 தொடக்கத்தில் சி.பி.-40 இயங்கியது. அடுத்து சி.பி.-67 வந்தது. 1972இல் அந்த வழியில் வந்த வி.எம்./370ஐ ஐ.பி.எம். தன் வாடிக்கையாளர்களுக்கே அறிவித்தது. மெய்நிகர் கணினி பிறந்த கதை இதுதான்.

மின்னஞ்சலும் அதே ஊரில் பிறந்தது. கிரீசி ஐ.பி.எம். மையத்தின் வேலையைத் தொடங்கும் முன் எம்.ஐ.டி.யின் சி.டி.எஸ்.எஸ். என்ற கணினிப் பகிர்வு அமைப்பில் பணியாற்றியவர். அதே சி.டி.எஸ்.எஸ்.ஸில் 1965இல் டாம் வான் விளெக், நோயல் மோரிஸ் இருவரும் ஒரு பயனர் இன்னொருவருக்குச் செய்தி விட்டுவைக்கும் 'மெயில்' கட்டளையை எழுதினார்கள். அது ஒரே கணினிக்குள் நடந்த பரிமாற்றம். அதை ஒரு கணினியிலிருந்து மறு கணினிக்குக் கடத்தியவர் ரே டாம்லின்சன். 1971இல், அதே கேம்பிரிட்ஜின் பி.பி.என். நிறுவனத்தில். பக்கத்தில் பக்கத்தில் நின்ற இரண்டு பி.டி.பி.-10 கணினிகளுக்கு நடுவே இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் வழியாகத்தான் செய்தி போனது. ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிக்க @ குறியைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. கேம்பிரிட்ஜ் என்ற பெயருக்கே ஏதோ ராசி போலும். பிற்காலத்தில் சாதாரண பி.சி. வகைக் கணினிகளில் மெய்நிகராக்கத்தைத் திறந்த மூலமாகக் கொண்டுவந்த ஸென் 2003இல் வந்தது. எக்ஸிம் என்ற அஞ்சல் சர்வர் அதற்கும் முன்பே 1995இல் வந்தது. இரண்டுக்கும் பிறப்பிடம் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம்.

எங்கள் மும்பை இயந்திரத்தைத் தாங்குவது ஸென் அல்ல, கே.வி.எம். அவி கிவிட்டி எழுதி, 2007இல் லினக்ஸ் கருவோடு சேர்ந்த மென்பொருள். லினக்ஸ் கருவே பல கணினிகளாக நடிக்க அது வழி செய்கிறது. அத்தையின் கடிதம் இருக்கும் அதே இரும்புப் பெட்டிக்குள் யாரோ ஒருவரின் கடைக் கணக்கும் இன்னொருவரின் விளையாட்டு சர்வரும் ஓடிக்கொண்டிருக்கலாம். அந்த இரும்பில் பழுது வந்தால், ஓடுகிற நிலையிலேயே கணினியைத் தூக்கி வேறு இரும்பில் வைத்துவிடலாம். இதைச் செய்து காட்டிய ஸென் குழுவின் 2005ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரையில், குவேக் 3 விளையாட்டு நடத்திக்கொண்டிருந்த சர்வர் இடம் மாறியபோது தடைப்பட்ட நேரம் 60 மில்லி நொடிதான். நடுவில் மாட்டிக்கொண்ட கடிதத்துக்கு ஊர்விட்டு ஊர் வந்ததே தெரியாது.

உள்ளே கடிதத்தைக் கையில் வாங்குவது போஸ்ட்பிக்ஸ். விட்சே வெனிமா என்ற டச்சுக்காரர் ஐ.பி.எம்.மின் வாட்சன் ஆய்வகத்தில் எழுதி 1998 டிசம்பரில் வெளிவந்தது. அதற்கு முன் பெரும்பாலான அஞ்சலைச் சுமந்தது எரிக் ஆல்மன் பெர்க்லியில் எழுதிய சென்ட்மெயில். எல்லா வேலையையும் முழு அதிகாரத்தோடு செய்யும் ஒரே பெரிய நிரல் அது. 1988 நவம்பரில் மோரிஸ் புழு என்ற தீநிரல் இணையத்தில் பரவியபோது நுழைந்த வழிகளில் ஒன்று சென்ட்மெயிலில் திறந்துவிடப்பட்டிருந்த சோதனைக் கதவு. வெனிமா வேலையைத் துண்டு துண்டாக்கினார். வாசலில் பேசுவதற்கு ஒரு நிரல், கடிதத்தைச் சீராக்க ஒன்று, வரிசையைப் பார்த்துக்கொள்ள ஒன்று, வெளியே கொண்டுபோக ஒன்று. ஒன்றின் அதிகாரம் மற்றொன்றுக்குக் கிடையாது. வாசலில் நிற்பவன் ஏமாந்தாலும் வீடு முழுக்கப் பறிபோகாது.

போஸ்ட்பிக்ஸ் கடிதத்தைக் கோப்பாக எழுதி, அதன் தலையில் 'இன்னாரிடமிருந்து, இந்த நேரத்தில் பெற்றேன்' என்று ஒரு வரி சேர்க்கிறது. வழியில் வரும் ஒவ்வொரு சர்வரும் இப்படித் தன் வரியை மேலே மேலே சேர்ப்பதால், கடிதம் கடந்த பாதையைத் தெரிந்துகொள்ளக் கீழிருந்து மேலே படிக்கவேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் அது கைப்பேசிக்கு 250 என்று பதில் சொல்கிறது.

இந்த 250 சாதாரண எண் அல்ல. 'வாங்கிக்கொண்டேன், இனி இது என் பொறுப்பு' என்று கொடுக்கும் வாக்கு. மின்னஞ்சல் நெறிமுறைக்கு ஜான் கிளென்சின் 2008இல் திருத்தித் தொகுத்த விதிநூல் இதில் கண்டிப்பாக இருக்கிறது: வாக்குக் கொடுத்த சர்வர், பிறகு தான் விழுந்துவிட்டதையோ இடம் போதாததையோ சாக்காகச் சொல்லிக் கடிதத்தைத் தொலைக்கக் கூடாது. அதனால் போஸ்ட்பிக்ஸ், கோப்பு வட்டில் உண்மையாகவே பதிந்துவிட்டது என்று இயங்குதளம் உறுதி சொல்லும்வரை வாய் திறக்காது. மின்சாரம் அடுத்த கணமே போனாலும் கடிதம் இருக்கும்.

மெய்நிகர் கணினியில் இந்த வாக்குக்கு ஓர் ஆபத்து உண்டு. நம் கணினி வட்டு என்று நம்புவது வட்டே அல்ல. அது வெளியே உள்ள ஹோஸ்ட் இயந்திரத்தில் ஒரு கோப்பாக இருக்கலாம், அல்லது வேறொரு அறையில் இருக்கும் சேமிப்பகத்தின் ஒரு துண்டாக இருக்கலாம். 'பதிந்துவிட்டதா?' என்று உள்ளிருந்து கேட்டால் பதில் சொல்வது ஹோஸ்ட். கே.வி.எம்.மோடு கூட இயங்கும் க்யூஇமூவில் வட்டுக்கான அமைப்பு பல வகை. அவற்றில் 'அன்சேஃப்' என்ற ஒன்று, பதியவைக்கச் சொல்லும் கோரிக்கையைக் கண்டுகொள்ளாமலே 'ஆயிற்று' என்று சொல்லிவிடும். சோதனைக்கு அது வசதி, வேகமும் கிடைக்கும். அஞ்சல் சர்வருக்கு அது வந்து வாய்த்தால் போஸ்ட்பிக்ஸ் தன்னை அறியாமலே அத்தையிடம் பொய் சொல்லியிருக்கும். வாடகைக் கணினியின் உள்ளிருந்து இதைக் கண்டுபிடிக்க நம்பகமான வழி இல்லை. கொடுப்பவரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ளவேண்டும். மாத வாடகையை ஒப்பிடுகிற நேரத்தில் பாதியையாவது இந்தக் கேள்விக்குச் செலவிடவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கோப்பின் பெயரிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. நேரத்தின் மைக்ரோ நொடிப் பகுதியையும், கோப்பு முறைமை அந்தக் கோப்புக்குத் தந்த ஐநோட் எண்ணையும் சேர்த்துத்தான் போஸ்ட்பிக்ஸ் வரிசைப் பெயர் வைக்கிறது. அதாவது கடிதத்தின் பெயருக்குள் அது கிடக்கும் இடமும் அடங்கியிருக்கிறது. மெய்நிகர் கணினி தரும் பெரிய வசதியான ஸ்னாப்ஷாட் இதோடுதான் உரசும். ஒரு கணத்தின் நிலையை அப்படியே உறையவைத்து, தேவைப்பட்டால் அதற்கே திரும்பலாம் என்பது ஸ்னாப்ஷாட். கடைக் கணக்குக்கும் வலைத்தளத்துக்கும் அது வரம். ஆனால் அஞ்சல் சர்வர் காலத்தில் பின்னே போனால், வரிசையில் நின்று ஏற்கெனவே போய்ச் சேர்ந்த கடிதம் மறுபடி போகும், அதற்குப் பின் பெட்டிக்கு வந்த கடிதமோ காணாமல் போகும். அதனால் கடிதப் பெட்டிகளையும் அமைப்புக் கோப்புகளையும் சாவிகளையும் தனித்தனியே வேறு இடத்துக்கு அன்றாடம் நகலெடுப்பதே சரி.

கிளம்பும் முன் கடிதத்தில் கையொப்பம் இடவேண்டும். டிகேஐஎம் என்ற இந்த ஏற்பாடு, யாகூவின் மார்க் டிலேனி முன்வைத்த டொமைன்கீஸும் சிஸ்கோவிலிருந்து வந்த ஒரு முறையும் இணைந்து 2007இல் உருவானது. கடிதத்தின் உடலுக்கும் முக்கியத் தலைப்பு வரிகளுக்கும் சேர்த்து ஒரு கணிதச் சுருக்கம் எடுத்து, சர்வரிடம் மட்டும் இருக்கும் சாவியால் அதில் முத்திரை வைக்கிறார்கள். முத்திரையைச் சோதிக்கும் பொதுச் சாவி டொமைன் பெயர்களின் பொதுப் பதிவேடான டி.என்.எஸ்.ஸில் எல்லாரும் காண இருக்கிறது. வழியில் யாராவது ஓர் எழுத்தை மாற்றினாலும் முத்திரை பொருந்தாது.

இனி கேள்வி, எங்கே போவது? 1980களில் யூயூசிபி வலையமைப்பில் கடிதம் எழுதியவர்கள் எந்தெந்தக் கணினி வழியாகப் போகவேண்டும் என்பதை ஆச்சரியக்குறிகளால் பிரித்துத் தாங்களே முகவரியில் எழுதினார்கள். வழி தெரியாதவருக்குக் கடிதம் எழுதவும் தெரியாது. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் டி.என்.எஸ்.ஸை வகுத்தார். 1986இல் கிரெய்க் பார்ட்ரிட்ஜ் அதில் எம்.எக்ஸ். பதிவைச் சேர்த்தார்: இந்த டொமைனின் அஞ்சலை இந்தக் கணினியிடம் கொடு, அது இல்லையென்றால் அடுத்ததிடம். ஜிமெயிலுக்குக் கேட்டால் ஐந்து பெயர்கள் வரும். எண் குறைந்ததற்கே முதல் உரிமை. போஸ்ட்பிக்ஸ் அதைத் தேர்ந்தெடுத்து 25ஆம் எண் போர்ட்டை நோக்கிக் கிளம்புகிறது.

கிளம்பிய கடிதம் தன் வீட்டு வாசலிலேயே நின்றுபோவதும் உண்டு. வாடகைக்குக் கணினி தரும் நிறுவனங்கள் பலவும் வெளியே போகும் 25ஆம் போர்ட்டை முன்கூட்டியே பூட்டி வைத்திருக்கின்றன. திருட்டு அட்டையில் பணம் கட்டி, பத்து நிமிடத்தில் கணினி எடுத்து, ஒரு மணி நேரத்தில் லட்சம் ஸ்பேமைக் கொட்டிவிட்டு ஓடுகிறவர்கள் இருப்பதால் அந்த நிறுவனங்களைக் குறைசொல்லவும் முடியாது. நாம் யார், எதற்காகக் கேட்கிறோம், ஒரு நாளைக்கு எத்தனை கடிதம் போகும் என்று விண்ணப்பம் எழுதவேண்டும். சிலர் திறப்பார்கள், சிலர் எப்போதும் திறக்க மாட்டார்கள். வாடகை கட்டும் முன்பே இதைக் கேட்டுவிடுவது நல்லது.

கதவு திறந்தாலும் ஐ.பி. முகவரியின் பழங்கதை ஒன்று காத்திருக்கும். ஐ.பி. நான்காம் பதிப்பு முகவரிகளுக்குத் தட்டுப்பாடு. நமக்குக் கிடைப்பது நேற்று வேறொருவரிடம் இருந்தது. முன்பு குடியிருந்தவர் ஊரெல்லாம் கடன் வாங்கிவிட்டுக் காலி செய்த வீட்டுக்கு நாம் குடிவந்ததுபோல் ஆகிவிடும். தெரு முழுக்க நம்மைத்தான் சந்தேகமாகப் பார்க்கும். 1998இல் தொடங்கிய ஸ்பாம்ஹவுஸ் போன்ற அமைப்புகளின் பட்டியலில் அந்த முகவரி இருக்கிறதா என்று கணினியை எடுத்த முதல் நிமிடத்திலேயே பார்க்கவேண்டும். இருந்தால் அந்தக் கணினியை அழித்துவிட்டு வேறொன்று எடுப்பதே உத்தமம். மெய்நிகர் என்பதால் அது எளிது. அடுத்து, அந்த எண்ணுக்கு உரிய பெயர். டொமைனைச் சொன்னால் எண் வருகிறது, சரி. எண்ணைச் சொன்னால் அதே டொமைன் வரவேண்டாமா? அந்தத் தலைகீழ்ப் பதிவு டொமைன் விற்றவரின் கையில் இல்லை, ஐ.பி. முகவரிக்கு உரிமையாளரான வாடகை நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அதை நம் பெயருக்கு மாற்றச் சொல்லி வாங்கவேண்டும்.

இவ்வளவும் முடித்த கணினி கூகுளின் வாசலில் நிற்கிறது. நடக்கும் உரையாடல் 1982இல் ஜான் போஸ்டல் எழுதிய நெறிமுறையின் வடிவத்தில் இன்னும் இருக்கிறது. கூகுள் 220 என்கிறது: தயார், பேசு. நம் கணினி தன் பெயரைச் சொல்லுகிறது. இருவரும் மறையாக்கத்துக்கு மாறுகிறார்கள், பெயரை மறுபடி சொல்லவேண்டும். 'அத்தையிடமிருந்து அஞ்சல்.' 250. 'தோழிக்கு.' 250. 'கடிதம் தருகிறேன்.' 354, தா. வரிவரியாகக் கடிதம் போகிறது. முடிந்ததற்கு அடையாளம், ஒரு வரியில் தனியாக ஒரு முற்றுப்புள்ளி. கடிதத்துக்குள்ளேயே ஒரு வரி புள்ளியில் தொடங்கினால் அனுப்புகிறவர் இன்னொரு புள்ளி சேர்க்கவேண்டும், பெறுகிறவர் நீக்கவேண்டும். பேஸ்64 எழுத்துகளில் புள்ளியே இல்லை என்பதால் அத்தையின் தமிழ் வரிகளுக்கு அந்தத் தொல்லை கிடையாது.

இந்த உரையாடலில் சொன்ன அனுப்புநர் பெயர் உறைக்கு மேல் எழுதியது. கடிதத்துக்குள்ளும் ஓர் அனுப்புநர் வரி உண்டு. தோழியின் திரையில் தெரிவது அதுதான். இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று போஸ்டலின் நெறிமுறை கேட்கவில்லை. கடிதம் கொண்டுவந்தவர் உண்மையிலேயே அவர்தானா என்றும் கேட்கவில்லை. ஒருவரையொருவர் அறிந்த ஆய்வாளர்களின் வலையமைப்பு அது. யாருடைய கடிதத்தையும் யாருடைய கணினியும் வாங்கிக் கைமாற்றிவிடும். அந்த நம்பிக்கையை மீறியதாகப் பேசப்படும் முதல் சம்பவம் நெறிமுறைக்கும் மூத்தது: 1978 மே மாதம் டெக் நிறுவனத்தின் கேரி துர்க் ஆர்ப்பாநெட்டில் நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். இன்று அத்தையின் கடிதம் எதிர்கொள்ளும் விசாரணை எல்லாம் அந்தப் பழைய நம்பிக்கையின்மேல் பிற்காலத்தில் ஏற்றிய சுமை. இந்த டொமைனின் அஞ்சலைக் கொண்டுவர இந்த ஐ.பி.க்கு உரிமை உண்டா என்று எஸ்.பி.எஃப். கேட்கிறது. கையொப்பம் பொருந்துகிறதா என்று டிகேஐஎம் பார்க்கிறது. அந்த இரண்டில் ஒன்றாவது, திரையில் தெரியும் அனுப்புநரின் டொமைனோடு ஒத்துப்போகிறதா என்று 2015இல் ஆவணமான டிமார்க் கேட்கிறது. ஒவ்வாவிட்டால் என்ன செய்யலாம் என்று டொமைன் உரிமையாளரே எழுதி வைத்ததையும் படிக்கிறது.

சில வாசல்களில் இதற்கும் முன்பே '4' என்று தொடங்கும் எண் ஒன்று பதிலாக வரும். இப்போது முடியாது, பிறகு வா. முன்பின் பார்த்திராத கணினியை ஒருமுறை திருப்பி அனுப்பிப் பார்ப்பது 2003இல் எவன் ஹாரிஸ் முன்வைத்த உபாயம். ஸ்பேம் கொட்டும் நிரலுக்குத் திரும்பி வரப் பொறுமை கிடையாது, நேர்மையான சர்வர் திரும்பி வரும். போஸ்ட்பிக்ஸ் கடிதத்தை ஒத்திவைத்த வரிசையில் வைத்துக்கொண்டு, 300 நொடிக்குப் பின் மறுபடி போகும். அதன்பின் இடைவெளி கூடிக்கொண்டே 4000 நொடிவரை நீளும். ஐந்து நாள் அலைந்தும் யாரும் வாங்காவிட்டால்தான் எழுதியவரிடமே திருப்பிக் கொடுக்கும். அஞ்சல் சர்வரை நடத்த நினைத்துத் தயங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: உங்கள் கணினி ஒரு நாள் முழுக்கப் படுத்துவிட்டாலும் உலகம் உங்கள் கடிதங்களை எறிந்துவிடாது, திரும்பத் திரும்ப வரும். நெறிமுறையிலேயே அந்தப் பொறுமை இருக்கிறது.

அத்தையின் கடிதத்துக்குக் கூகுள் 250 சொல்லிவிட்டது. மும்பைக் கணினியின் லாகில் 'அனுப்பியாயிற்று' என்று ஒரு வரி, அடுத்து 'நீக்கியாயிற்று' என்று ஒரு வரி. பொறுப்பு கை மாறிவிட்டதால் வரிசையிலிருந்த நகல் அழிக்கப்படுகிறது.

ஆனால் 250 என்பது தோழியின் கண்ணில் படும் இடத்துக்கு உறுதி அல்ல. முதன்மைப் பெட்டியா, ஸ்பேம் பெட்டியா என்பது கதவுக்கு உள்ளே முடிவாகிறது. அந்தக் கணக்கை வெளியே யாருக்கும் காட்டுவதில்லை. 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் விதிகளை இறுக்கின. கூகுளின் விதிப்படி, ஜிமெயில் பெட்டிகளுக்கு ஒரு நாளைக்கு 5000க்கு மேல் அனுப்புகிறவர்கள் மூன்று சோதனைகளுக்கும் உட்படவேண்டும், சிறியவர்களுக்கும் எஸ்.பி.எஃப்., டிகேஐஎம் இரண்டில் ஒன்றும், இருவழிப் பெயர்ப் பதிவும், மறையாக்கமும் கட்டாயம். இந்த விதிகளோடு எனக்குச் சண்டை இல்லை. எழுதி வைத்த விதியைச் சின்னக் கணினியும் நிறைவேற்றிவிட முடியும். எழுதாத விதியில்தான் அநியாயம் இருக்கிறது. லட்சம் கடிதம் அனுப்பும் கணினிக்கு நற்பெயர் சேர வாய்ப்பு உண்டு. நாளைக்கு நாலு கடிதம் அனுப்புகிற கணினியைப் பற்றி எடைபோட எதுவுமே சேர்வதில்லை; அதுவே சந்தேகத்துக்குக் காரணமாகிவிடுகிறது. தோழி ஒருமுறை ஸ்பேம் பெட்டியிலிருந்து கடிதத்தை எடுத்து 'இது ஸ்பேம் அல்ல' என்று சொன்னால், பத்து அமைப்புக் கோப்புகளைத் திருத்தினாலும் கிடைக்காத பலன் கிடைக்கும். அத்தையிடம் அதைத் தொலைபேசியில் சொல்லச் சொன்னேன், சொல்லிவிட்டார்.

இத்தனை பாடுபட்டு இதை நடத்துவானேன் என்று கேட்பவர்கள் உண்டு. அரட்டைச் செயலிகளில் ஒன்றில் இருப்பவர் மற்றொன்றில் இருப்பவருக்கு எழுத, பொதுவாக, அந்த நிறுவனங்கள் வழி விட்டால்தான் உண்டு. மின்னஞ்சலில் யாருடைய அனுமதியும் இல்லாமல் ஒரு டொமைன் வாங்கி, மாதம் சில நூறு ரூபாய்க்கு ஒரு கணினி எடுத்து, எல்லாரும் இலவசமாகப் பெறக்கூடிய மென்பொருளை நிறுவி, உலகின் மிகப் பெரிய நிறுவனத்தின் வாசலில் நேராகப் போய் நின்று பேசலாம். அந்த உரிமையைப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கும்வரைதான் அந்த வாசல் எல்லாருக்குமாகத் திறந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

தோழி பதில் எழுதிவிட்டார். இப்போது நடந்து வரவேண்டியது கூகுளின் கணினி. எங்கள் டொமைனின் எம்.எக்ஸ். பதிவைக் கேட்டு, மும்பைக் கணினியின் 25ஆம் போர்ட்டில் வந்து நிற்கிறது. இங்கே முன்வாசலில் இருப்பது போஸ்ட்ஸ்கிரீன், போஸ்ட்பிக்ஸின் காவல் நிரல். முதன்முறை வருகிறவர்களுக்கு அது முழு வணக்கம் சொல்லாமல் ஆறு நொடி தாமதிக்கும். அவசரப்பட்டு முந்திக்கொண்டு பேசத் தொடங்குவது ஸ்பேம் நிரல்களின் வழக்கம். நெறிமுறை தெரிந்தவர்கள் வீட்டுக்காரர் வாய் திறக்கும்வரை காத்திருப்பார்கள். கூகுளின் கணினி ஆறு நொடி காத்திருக்கிறது. பிறகு அதன் எண்ணுக்கு உரிய பெயரைத் திருப்பிக் கேட்கிறோம், எஸ்.பி.எஃப். பார்க்கிறோம், கையொப்பத்தைச் சோதிக்கிறோம், டிமார்க் ஒத்துப்போகிறதா என்று கேட்கிறோம். எல்லாம் பொருந்துகிறது. வட்டில் பதிந்ததற்கு உறுதி வந்ததும் போஸ்ட்பிக்ஸ் கூகுளுக்கு 250 சொல்லிவிட்டு, கடிதத்தை டவ்காட்டின் கையில் கொடுக்கிறது.